பட்டம் வேண்டாம் என்ற கொல்லர் மகன்

ஒரு ரொட்டி. அதை ஒரு வாரம் முழுவதும் வைத்துக்கொண்டு சாப்பிட வேண்டும்!

இங்கிலாந்தில் 1801-ம் ஆண்டு தானிய விலை தாறுமாறாக ஏறிக் கிடந்தது. லண்டனில் ஓர் ஏழைக் கொல்லர் குடும்பம். கொல்லருக்கு உடம்பு சரியில்லை. பட்டறையில் முழு நாளும் நின்று வேலை செய்ய அவரால் முடியவில்லை. வீட்டிலோ குழந்தைகள். அவர்களில் ஒன்பது வயதுப் பையனுக்குக் கிடைத்த பங்குதான் அந்த ஒரு ரொட்டி.

அந்தப் பையனின் பெயர் மைக்கேல் பாரடே.

இன்று நம் வீட்டில் மின்விசிறி சுழல்கிறது. அது சுழலும் தத்துவத்தைக் கண்டவர் அவர். அந்த விசிறிக்கு வரும் மின்சாரத்தை அணைக்கட்டுகளிலும் அனல் மின் நிலையங்களிலும் உண்டாக்குகிறார்களே, அந்த வழியைக் கண்டவரும் அவரே.

இதைப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். ஆனால் பாரடேயின் வாழ்க்கையில் இன்னோர் அதிசயம் உண்டு. கொல்லர் வீட்டிலிருந்து புறப்பட்டு, அரசி கொடுத்த மாளிகை வரை போனார் அவர். வழியில் அவமானம் வந்தது, பழி வந்தது, பிறகு பணம் வந்தது, புகழும் வந்தது. எது வந்தபோதும் அவர் வேறு மனிதராக மாறிவிடவில்லை.

புத்தகம் கட்டிய பையன்

பாரடே 1791-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி, லண்டனை அடுத்த நியூயிங்டன் என்ற இடத்தில் பிறந்தான். எழுதப் படிக்கவும், கொஞ்சம் கணக்குப் போடவும் தெரிந்ததும் பள்ளிப் படிப்பு முடிந்தது.

1804-ல் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான். பத்திரிகைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பான். அவர்கள் படித்து முடித்ததும் திரும்ப வாங்கி வருவான். அந்தக் காலத்தில் பத்திரிகையை வாடகைக்கு வாங்கிப் படிப்பது வழக்கம்.

பையனின் ஒழுங்கு ரீபோவுக்குப் பிடித்துப்போயிற்று. மறு ஆண்டே அவனைப் புத்தகம் பைண்டு செய்யும் தொழில் பழகச் சேர்த்துக்கொண்டார். தொழில் பழக வருகிறவர்கள் பணம் கட்ட வேண்டும். பாரடேயிடம் ரீபோ பணம் வாங்கவில்லை.

ஏழு ஆண்டு அங்கே வேலை. பைண்டு செய்ய வரும் புத்தகங்களைப் பையன் கட்டியதோடு நிற்கவில்லை, படிக்கவும் படித்தான். ஒரு கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை கண்ணில் பட்டது. ஜேன் மார்செட் என்ற அம்மையார் எழுதிய ரசாயனப் புத்தகம் கைக்கு வந்தது.

அச்சில் வந்துவிட்டது என்பதற்காக அவன் எதையும் நம்பிவிடவில்லை. கையில் இருந்த சில்லறைக் காசுக்குச் சாமான் வாங்கித் தானே செய்து பார்த்தான். உண்மை என்று தெரிந்த பிறகே நம்பினான். இந்தக் குணம் கடைசி வரை அவனை விட்டுப் போகவில்லை.

மாலையில் நடக்கும் விஞ்ஞானச் சொற்பொழிவுகளுக்குப் போக ஒரு ஷில்லிங் கட்டணம். கொல்லு வேலை செய்து வந்த அண்ணன் ராபர்ட் அந்தக் காசைக் கொடுத்தார்.

1812-ல் கடைக்கு வரும் வாடிக்கைக்காரர் ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற விஞ்ஞானக் கழகத்தின் சொற்பொழிவுகளுக்கு அனுமதிச் சீட்டுக் கொடுத்தார். பேசியவர் புகழ்பெற்ற விஞ்ஞானி ஹம்பிரி டேவி. பாரடே நான்கு சொற்பொழிவுகளையும் கேட்டான். குறிப்பு எடுத்தான். படம் வரைந்தான். ஏறக்குறைய 300 பக்கம் வந்தது. அதைத் தன் கையாலேயே அழகாக பைண்டு செய்து டேவிக்கு அனுப்பி, வேலை கேட்டான்.

டேவி கூப்பிட்டுப் பேசினார். ஆனால் வேலை காலி இல்லை. புத்தகத் தொழிலையே பார்க்கும்படி புத்தி சொல்லி அனுப்பிவிட்டார். சில வாரங்களில் டேவியின் உதவியாளர் ஒருவர் சண்டை போட்டு வேலையை இழந்தார். பாரடேக்கு ஆள் வந்தது. 1813-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி வேலை உறுதியாயிற்று. வாரம் 25 ஷில்லிங் சம்பளம். அந்தக் கட்டிடத்தின் மேல்மாடியிலேயே குடியிருக்க இரண்டு அறைகள்.

பெட்டி சுமந்த விஞ்ஞானி

அந்த ஆண்டு அக்டோபரில் டேவி தம் மனைவியுடன் ஐரோப்பா சுற்றப் புறப்பட்டார். பாரடேயும் உடன் போனார். கிளம்பும் நேரத்தில் டேவியின் வேலைக்காரன் வர மறுத்துவிட்டான். வேறு ஆள் கிடைக்கும் வரை அந்த வேலையையும் பாரடே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

வேறு ஆள் கடைசி வரை கிடைக்கவில்லை!

டேவியின் மனைவி பணக்கார வீட்டுப் பெண். பாரடேயை அவர் விஞ்ஞான உதவியாளராக மதிக்கவில்லை, ஏவலாளாகவே நடத்தினார். வேலைக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட வைத்தார். பாரடேக்கு மனம் நொந்தது. ஊருக்குத் திரும்பிப் பழையபடி புத்தகத் தொழிலுக்கே போய்விடலாமா என்றுகூட நண்பருக்குக் கடிதம் எழுதினார்.

ஆனாலும் அவர் பாதியில் ஓடிவரவில்லை. பாரிசில் ஆம்பியரைச் சந்தித்தார். இத்தாலியில் மின்கலம் கண்ட வோல்டாவைப் பார்த்தார். பிளாரன்ஸ் நகரில் பெரிய பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்து வைரத்தையே டேவி எரித்துக் காட்டியபோது, பக்கத்தில் நின்று உதவினார். பெட்டி சுமந்தவர் அறிவையும் சேர்த்துக்கொண்டு 1815-ல் ஊர் திரும்பினார்.

திருட்டுப் பழி

1821-ம் ஆண்டு ஜூன் மாதம் சாரா பர்னார்டு என்ற பெண்ணை மணந்தார். இருவரும் சிறிய கிறிஸ்தவச் சபை ஒன்றைச் சேர்ந்தவர்கள். செல்வம் சேர்த்து வைக்கக்கூடாது என்பது அந்தச் சபையின் கொள்கை. தம்பதிகளுக்குக் குழந்தை இல்லை.

அந்தச் செப்டம்பரில் ஒரு பெரிய வெற்றி. மின்சாரம் பாயும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழல வைத்தார். இன்றைய மின்சார மோட்டாருக்கு அதுவே முன்னோடி.

உடனே பழி கிளம்பியது. வொல்லாஸ்டன் என்ற மூத்த விஞ்ஞானியும் இதுபோன்ற யோசனையில் இருந்தார். அவர் கருத்தைப் பாரடே திருடிவிட்டார் என்று பேச்சு அடிபட்டது.

பாரடே ஒளியவில்லை. வொல்லாஸ்டனுக்கே கடிதம் எழுதி, தம் பக்கத்தைச் சொல்ல நேரம் கேட்டார். பின்னர் வொல்லாஸ்டன் பாரடேயின் சோதனைச் சாலைக்கே வந்து சோதனைகளைப் பார்த்தார்.

1823-ல் பாரடேயை ராயல் சொசைட்டி உறுப்பினராக்கச் சில அறிஞர்கள் முன்மொழிந்தார்கள். எதிர்த்தவர் யார் தெரியுமா? சங்கத்தின் தலைவரான டேவியே! பெயரை வாபஸ் வாங்கும்படி சொன்னார். தாம் கேட்டுப் பெறாத ஒன்றைத் தாம் எப்படி வாபஸ் வாங்குவது என்று பாரடே மறுத்துவிட்டார். வாக்கெடுப்பில் எதிராக விழுந்தது ஒரே ஓர் ஓட்டு. பாரடே உறுப்பினரானார். ஆனாலும் தமக்கு முதலில் கதவைத் திறந்துவிட்டவர் டேவிதான் என்பதை அவர் மறக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

வீணாய்ப் போன கண்ணாடி

1825-ல் வேறு ஒரு வேலை அவர் தலையில் விழுந்தது. தொலைநோக்கிகளுக்கு நல்ல கண்ணாடி செய்ய வழி காண வேண்டும். சூளை கட்டினார்கள். உருக்கினார்கள். ஆற வைத்தார்கள். ஒருமுறை குமிழி விழும். மறுமுறை கோடு விழும். ஆண்டுகள் போயின. எதிர்பார்த்த கண்ணாடி வரவில்லை. தாம் விரும்பிய மின்சார ஆராய்ச்சிக்கு நேரமும் இல்லை.

காந்தத்திலிருந்து மின்சாரம் உண்டாக்க முடியுமா என்று இடையிடையே முயன்றார். அதுவும் தோல்வி. இரண்டையும் அவர் ஒரே பொறுமையோடு செய்தார்.

1831-ல் கண்ணாடி வேலையை விட்டார். அந்த ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கமும் கம்பி சுற்றினார். ஒரு பக்கக் கம்பியில் மின்சாரத்தை விட்டதும், தொடர்பே இல்லாத மறு பக்கத்தில் ஊசி அசைந்தது! அக்டோபரில், கம்பிச் சுருளுக்குள் காந்தத்தைச் செலுத்தினார். காந்தம் நகரும்போது மின்சாரம் உண்டாயிற்று. நின்றதும் நின்றது. உலகத்தின் மின்சார நிலையங்களுக்கு விதை அதுதான்.

அந்தக் கண்ணாடி என்ன ஆயிற்று? 1845-ல் காந்தத்துக்கும் ஒளிக்கும் தொடர்பு உண்டா என்று சோதித்தார். எந்தப் பொருளை வைத்தும் பலன் இல்லை. கடைசியில் தாம் முன்பு செய்த கனமான கண்ணாடித் துண்டை எடுத்து வைத்தார். காந்தத்தின் வலிமை அதன் வழியே போன ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்பியது! வீணாயிற்று என்று மூலையில் கிடந்த உழைப்பு, பல ஆண்டுகள் கழித்துப் பலன் தந்தது.

அவருடைய சோதனைக் குறிப்புகளில் பத்திகளுக்கு வரிசை எண் உண்டு. அந்த எண் 16,041 வரை போகிறது. வெற்றியைப் போலவே தோல்வியையும் எழுதி வைத்தார்.

பணமா, பணியா?

தொழிற்சாலைகளுக்கு ஆலோசனை சொல்வதில் அவருக்கு நல்ல வரும்படி வந்தது. 1830-ல் அது ஆயிரம் பவுனுக்கு மேல். அந்தக் காலத்தில் அது பெரும் பணம். தொடர்ந்திருந்தால் பெரிய பணக்காரராகியிருப்பார். ஆராய்ச்சிக்கு நேரம் வேண்டும் என்று அந்த வரும்படியை விட்டுவிட்டார்.

1835-ல் அரசாங்கம் அவருக்கு உதவித்தொகை கொடுக்க நினைத்தது. பிரதம மந்திரி மெல்போர்ன் பிரபுவைப் பார்க்கப் போனார். விஞ்ஞானிகளுக்கு உதவித்தொகை கொடுப்பதையே இழிவாகப் பேசினார் பிரபு. பாரடே அங்கே வாதாடவில்லை. அன்று மாலையே உதவித்தொகை வேண்டாம் என்று எழுதி அனுப்பினார். செய்தி பரவியது. பிரபு வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார். அதன் பிறகே ஆண்டுக்கு 300 பவுன் உதவித்தொகையை ஏற்றுக்கொண்டார். பணத்தை அவர் வெறுக்கவில்லை. மரியாதையை விற்று வாங்க மறுத்தார், அவ்வளவுதான்.

ஞாபகம் கைவிட்டது

50 வயதை நெருங்கும்போது பெரிய சோதனை வந்தது. தலைசுற்றல், மயக்கம், மறதி. 1841-ல் மனைவியோடு சுவிட்சர்லாந்து போய் ஓய்வு எடுத்தார். உடம்பு தேறியது, ஞாபகம் முழுதாகத் திரும்பவில்லை. சில மாதங்களுக்கு முன் தாமே செய்து முடித்த சோதனையை, மறந்துபோய் மீண்டும் பல வாரம் செய்ததும் உண்டு. அறிவால் வாழ்கிறவருக்கு இதைவிடத் துன்பம் வேறு என்ன?

அவர் அதை மறைத்துப் பெருமை பேசவில்லை. நண்பர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். முடிந்த அளவு வேலை செய்தார். கலங்கரை விளக்கங்களைப் பார்வையிட்டு ஆலோசனை சொன்னார். கிறிஸ்துமஸ் சமயத்தில் குழந்தைகளுக்கு விஞ்ஞானம் சொன்னார். 1827-ல் தொடங்கி 1860 வரை 19 முறை அந்தச் சொற்பொழிவுகளை நடத்தினார். கடைசித் தொடரில் அவர் எடுத்துக்கொண்ட பொருள், எந்த ஏழை வீட்டிலும் இருக்கும் மெழுகுவத்தி!

வெறும் பாரடே

1857-ல் ராயல் சொசைட்டியின் தலைவர் பதவி தேடி வந்தது. ஒரு காலத்தில் உறுப்பினராகக்கூட விடாமல் தடுக்கப் பார்த்த அதே சங்கம். வேறொருவராக இருந்தால் பழைய கணக்கைத் தீர்க்கவாவது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பாரடே மறுத்துவிட்டார். ‘சர்’ பட்டமும் வேண்டாம் என்றார். கடைசி வரை வெறும் மைக்கேல் பாரடேயாகவே இருக்க விரும்பினார்.

1858-ல் விக்டோரியா மகாராணி அவர் குடியிருக்க ஹாம்ப்டன் கோர்ட்டில் ஒரு வீடு கொடுத்தார். அதைப் பழுது பார்க்கப் பணம் ஆகுமே என்று பாரடே தயங்கினார்! அந்தச் செலவையும் அரசியே ஏற்றுக்கொண்டார்.

அந்த வீட்டில், 1867-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி, தம் நாற்காலியில் அமர்ந்தபடியே அமைதியாகக் கண் மூடினார். அவர் விருப்பப்படி ஆடம்பரம் இல்லாமல் லண்டன் ஹைகேட் மயானத்தில் அடக்கம் செய்தார்கள்.

நமக்கும் அன்றாடம் சங்கடங்கள் வருகின்றன. வேலை செய்யும் இடத்தில் ஒருவர் மட்டமாக நடத்துகிறார். செய்யாத குற்றத்தைச் சுமத்துகிறார்கள். பாடுபட்டது பலன் தராமல் போகிறது. அப்போது குன்றிப்போகிறோம், கொஞ்சம் வசதி வந்தால் நேற்றுப் பழகியவரைத் தெரியாதவர்போல் நடக்கிறோம். பெட்டி சுமந்த நாளில் பாரடே தம்மைச் சிறியவராக எண்ணவில்லை. அரசி வீடு கொடுத்த நாளில் பெரியவராகவும் எண்ணவில்லை.

அவர் கல்லறையில் நிற்பது ஒரு சாதாரணக் கல். அதில் பட்டம் இல்லை, பதவி இல்லை, கண்டுபிடிப்புகளின் பட்டியலும் இல்லை. பெயரும், பிறந்த நாளும், மறைந்த நாளும் மட்டும் இருக்கின்றன.