மென்பொம்மை தந்த மார்கரெட் அம்மையார்



கரடிப் பொம்மையை அறியாத குழந்தை இவ்வுலகில் அரிது. சின்னஞ்சிறு குழந்தைகள் அதனை மார்போடு அணைத்துக்கொண்டு உறங்கும் காட்சியை நம் இல்லங்களிலும் காண்கிறோம். இத்தகைய மென்மையான விலங்குப் பொம்மைகளை ஒரு தொழிலாக வளர்த்து உலகெங்கும் பரப்பியவர்களுள் முதன்மையானவர் ஒரு பெண்மணி. நினைவு தெரிந்த நாள் முதல் அவரால் ஓரடியேனும் எடுத்துவைத்து நடக்க இயலவில்லை. அவரே மார்கரெட் ஸ்டைஃப் அம்மையார். அவர்தம் வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் பிணியும்

இன்றைய ஜெர்மனி நாட்டின் தென்பகுதியில் கீங்கன் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1847ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 24ஆம் நாள் மார்கரெட் பிறந்தார். தந்தையார் கட்டட வேலைகளை எடுத்து நடத்துபவர். மார்கரெட்டுக்குத் தமக்கையர் இருவர், தம்பி ஒருவர்.

குழந்தைக்கு ஒன்றரை வயதானபோது கடுங்காய்ச்சல் கண்டது. அஃது இளம்பிள்ளைவாத நோய் என்பது பின்னரே தெரியவந்தது. இரு கால்களும் செயலிழந்தன. வலக் கையும் வலுவிழந்து, அசைத்தாலே வலித்தது. அந்நோயைத் தடுக்கும் மருந்து அந்நாளில் இல்லை. ஒன்பதாம் வயதில் பெற்றோர் அவரை வெளியூர் மருத்துவரிடம் அனுப்பினர். அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற வில்ட்பாட் நகரில் நீராட்டு மருத்துவமும் அளிக்கப்பட்டது. எனினும் கால்கள் தேறவில்லை.

வண்டி இழுத்த பிஞ்சுக் கரங்கள்

நடக்க இயலாத சிறுமி பள்ளி சென்றது எவ்வாறு? உடன்பிறந்தோரும் அண்டை வீட்டுச் சிறுவர்களும் அவரை ஒரு கைவண்டியில் அமர்த்தி இழுத்துச் சென்றனர். பள்ளியை அடைந்ததும் ஒரு பெண்மணி அவரைத் தூக்கிக்கொண்டு படியேறி வகுப்பறையில் அமர்த்துவார். மார்கரெட் கலகலப்பானவர், புதுப்புது விளையாட்டுகளைச் சொல்லிக்கொடுப்பவர். ஆதலின் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்தே இருந்தனர்.

பள்ளிப் பாடங்களோடு தையற்கலையையும் அவர் பயின்றார். வலக் கை ஒத்துழைக்க மறுத்தது. ஊசி பிடிப்பதே துன்பமாயிற்று. தொடக்கத்தில் அவர் தையலின் பெரும்பகுதியைத் தமக்கையரே முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆயினும் அவர் விடவில்லை. பதினேழாம் வயதில் தையற் பயிற்சியை முழுமையாக முடித்தார். அவ்வயதளவிலேயே, இனி நடக்க இயலாது என்னும் உண்மையையும் அவர் அமைதியாக ஏற்றுக்கொண்டார். மருத்துவம் தேடி அலைந்த மனம் செய்யத்தக்க பணியைத் தேடத் தொடங்கியது.

திருப்பி வைத்த இயந்திரம்

தமக்கையர் நடத்திய தையலகத்தில் மார்கரெட்டும் சேர்ந்து உழைத்தார். தந்தி இசைக்கருவி ஒன்றைக் கற்று, அதனைப் பிறர்க்குக் கற்பித்தும் சிறிது பொருள் ஈட்டினார். சேமித்த பணத்தில் தையல் இயந்திரம் ஒன்று வாங்கப்பட்டது. கீங்கன் ஊருக்கு வந்த முதல் தையல் இயந்திரம் அதுவே.

ஆனால் இயந்திரத்தைச் சுழற்றும் சக்கரம் வலப்பக்கம் இருந்தது. வலக் கையோ வலுவற்றது. மார்கரெட் என்ன செய்தார் தெரியுமா? இயந்திரத்தையே திருப்பி வைத்துக்கொண்டார். சக்கரம் இப்போது இடப்பக்கம் வந்துவிட்டது; இடக் கையால் அதனைச் சுழற்றித் தைக்கலானார். தம் கையை மாற்ற இயலாதெனின் கருவியின் நிலையை மாற்றலாம் என்று கண்ட அவ்வறிவுக்கூர்மையை நாம் எண்ணி எண்ணி வியத்தல் வேண்டும்.

1874ஆம் ஆண்டில் தந்தையார் வீட்டை மாற்றிக் கட்டி, மகளுக்கெனத் தையலறை ஒன்றை அமைத்துக் கொடுத்தார். 1877ஆம் ஆண்டில் மார்கரெட் ஆடைக்கடை ஒன்றைத் தொடங்கினார். ஆட்டு மயிரை நெய்யாமல் ஈரத்தில் அழுத்தித் தடிப்பாக்கிச் செய்யும் 'ஃபெல்ட்' என்னும் கம்பளித் துணி அவ்வூர் ஆலையிலேயே கிடைத்தது. அத்துணியால் அவர் தைத்த பாவாடைகள் நன்கு விலைபோயின. தையற்பெண்கள் சிலரையும் அவர் பணிக்கு அமர்த்திக்கொண்டார்.

சின்னஞ்சிறு யானை

1879ஆம் ஆண்டின் இறுதியில் ஆடையலங்கார இதழ் ஒன்றில் சிறு யானையின் படிவத்தை மார்கரெட் கண்டார். கம்பளித் துணியை அதன்படி வெட்டித் தைத்து, உள்ளே ஆட்டு மயிரை அடைத்து, ஊசி குத்திவைக்கும் சிறு மெத்தைகளாக்கி, உற்றார் உறவினர்க்குப் பரிசளித்தார். பெரியோர் அவற்றில் ஊசி குத்துமுன்பே குழந்தைகள் அவற்றைப் பறித்துக்கொண்டு விளையாடத் தொடங்கினர்!

அக்காலப் பொம்மைகள் மரத்தாலும் தகரத்தாலும் பீங்கானாலும் ஆனவை. அவை கடினமானவை, சில கீழே விழுந்தால் உடைபவை. இந்த யானையோ மென்மையானது, எடை குறைந்தது, அணைத்துக்கொள்ள ஏற்றது. குழந்தைகளின் உள்ளத்தை அறிந்த மார்கரெட் இதனை உடனே உணர்ந்துகொண்டார். தம்பி ஃபிரிட்ஸ் யானைகளை அருகிலிருந்த ஹைடன்ஹைம் நகரச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுவந்தார். 1886ஆம் ஆண்டளவில் விற்ற யானைகள் 5,000க்கும் மேல். யானையைத் தொடர்ந்து குரங்கு, கழுதை, குதிரை, ஒட்டகம் எனப் பல விலங்குகள் பிறந்தன. தம்பி புதிய வீடு ஒன்றைக் கட்டி, தமக்கையாரின் சக்கர நாற்காலி ஏறியிறங்கச் சாய்வுப் பாதையும் அமைத்தார். 1893ஆம் ஆண்டில் அச்சிறு தொழில் பொம்மைத் தொழிற்சாலையாக முறைப்படி பதிவு பெற்றது. குழந்தைகளின் கைக்குச் செல்வது சிறந்ததாகவே இருத்தல் வேண்டும் என்பது அம்மையார் வகுத்த நெறி. ஆதலின் புதிய பொம்மைகளை அவரே ஆராய்ந்து பார்ப்பார்.

கரடி தந்த புகழ்

தம்பியின் மக்கள் வளர்ந்து ஒருவர்பின் ஒருவராக அத்தையின் தொழிலில் சேர்ந்தனர். அவர்களுள் ரிச்சர்ட் என்பவர் ஓவியம் பயின்றவர். விலங்குக்காட்சிச் சாலைக்குச் சென்று கரடிகளைப் பார்த்து வரைந்தவர். கைகால்களை அசைக்கக்கூடிய கரடிப் பொம்மை ஒன்றை அவர் 1902ஆம் ஆண்டில் உருவாக்கினார். மறு ஆண்டு லைப்சிக் நகரப் பொம்மைச் சந்தையில் அதனை எவரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. சந்தை முடியும் தறுவாயில் அமெரிக்க வணிகர் ஒருவர் வந்து 3,000 கரடிகள் வேண்டுமெனக் கேட்டார்!

1902ஆம் ஆண்டில்தான் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், வேட்டையின்போது கட்டிவைக்கப்பட்ட கரடியொன்றைச் சுட மறுத்தார். அச்செய்தி நாடெங்கும் பரவியது. அவர்தம் செல்லப் பெயரான 'டெடி' என்பதே கரடிப் பொம்மைக்கும் பெயராயிற்று. அதன் விற்பனையும் பெருகியது. பிறர் போலிகளைச் செய்து விற்றமையால், 1904ஆம் ஆண்டில் தம்பி மகன் ஃபிரான்ஸ் ஒவ்வொரு பொம்மையின் காதிலும் ஓர் உலோகப் பொத்தானைப் பதிக்கும் வழக்கத்தைக் கொணர்ந்தார். 1907ஆம் ஆண்டில் மட்டும் 9,74,000 கரடிகள் செய்யப்பட்டன. தொழிற்சாலையில் 400 பேரும், தத்தம் வீடுகளில் இருந்தவாறே 1,800 பேரும் உழைத்தனர். ஒரு கையால் தொடங்கிய தொழில் ஈராயிரம் குடும்பங்களுக்கு ஊதியம் வழங்கிற்று.

1909ஆம் ஆண்டு மே திங்கள் 9ஆம் நாள், தம் 61ஆம் வயதில், நுரையீரல் அழற்சியால் அம்மையார் மறைந்தார். அவர் தொடங்கிய நிறுவனம் அவருக்குப் பின்னரும் கீங்கன் ஊரில் தொடர்ந்து இயங்கி வருகிறது.

நாம் பெறும் பாடம்

உறுப்பில் குறை இருத்தல் எவர்க்கும் இழுக்காகாது, முயலாதிருத்தலே இழுக்கு. இதனை மார்கரெட் அம்மையார் வாழ்ந்து காட்டினார். எனினும் இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. அவர்தம் வண்டியை இழுத்துச் சென்ற சிறுவர்கள் இல்லையேல் அவர் பள்ளியைக் கண்டிருக்கமாட்டார். தையலை முடித்துக் கொடுத்த தமக்கையரும், அறை அமைத்த தந்தையாரும், சந்தைக்குச் சென்ற தம்பியும் இல்லையேல் அத்தொழில் வளர்ந்திருக்காது. நம் வகுப்பிலும் நடக்கவோ பார்க்கவோ கேட்கவோ இயலாத தோழர் இருக்கலாம். அவரை எள்ளி நகையாடாது, விளையாட்டிலும் படிப்பிலும் உடன் சேர்த்துக்கொள்வோம். மார்கரெட்டைப் போல முயல்வோம். அவர்தம் வண்டியை இழுத்த பிள்ளைகளைப் போல உதவுவோம்!