காந்தி தைத்த செருப்பு

எங்கள் எத்தாளை மணலும் உப்புக் காற்றும் செருப்பை அதிக நாள் வாழ விடுவதில்லை. போன வருடம் மட்டும் மூன்று சோடி மாற்றினேன். மூன்றும் மலிவு என்று வாங்கியவை. நாலாவதை வாப்பாவிடம் கேட்கத் துணிவில்லாதிருந்த வாரத்தில்தான், தமிழ்த்தினப் பேச்சுக்காக மகாத்மா காந்தியின் வாழ்க்கையைப் படித்தேன். அவருக்குச் செருப்புத் தைக்கத் தெரியும் என்பது எனக்குப் புதுச் செய்தி.

1869 இல் போர்பந்தரில் பிறந்தவர். இலண்டனில் பாரிஸ்டர் படிக்கையில் விலையுயர்ந்த உடுப்பும் தொப்பியும் வாங்கித் திரிந்த காலமும் அவருக்கு இருந்தது. தென்னாபிரிக்காவில்தான் மாறினார். அங்கே டால்ஸ்டாய் பண்ணையில், நண்பர் கலன்பாக் ஒரு கிறிஸ்தவ மடத்தில் கற்றுவந்த செருப்புத் தொழிலைத் தாமும் பழகினார். சிறையில் தைத்த ஒரு சோடியை, தம்மைச் சிறையிலிட்ட ஜெனரல் ஸ்மட்ஸுக்கே 1914 இல் பரிசாகக் கொடுத்தார். ஸ்மட்ஸ் அதைப் பல கோடைகாலம் அணிந்துவிட்டு, 1939 இல் காந்தியின் எழுபதாம் பிறந்தநாளையொட்டித் திருப்பி அனுப்பினார். இருபத்தைந்து வருடம்! என் மூன்று சோடிகளும் சேர்ந்து ஒரு வருடம் தாக்குப்பிடிக்கவில்லை.

1915 இல் பம்பாய் காங்கிரஸின்போது ஒரு சிறு பென்சில் துண்டைக் காணாமல் தேடி அலைந்திருக்கிறார். கூட இருந்த காகா காலேல்கர் தம்முடையதைக் கொடுத்தும் வாங்கவில்லை. சென்னையில் நடேசனின் சின்ன மகன் அன்போடு கொடுத்த பென்சில் அது. இரண்டு அங்குலம்கூட இல்லாத அது அகப்பட்ட பிறகே நிம்மதியானார்.

ஆனால் ஓரிடத்தில் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. 1901 இல் நேட்டால் இந்தியர்கள் பிரியாவிடையாகத் தங்கமும் வைரமும் கொடுத்தார்கள். அதில் 50 கினி பெறுமதியான தங்க மாலை கஸ்தூரிபாவுக்கென்றே கொடுக்கப்பட்டது. எல்லாவற்றையும் பொதுப்பணிக்கே ஒப்படைக்கக் காந்தி முடிவு செய்தார். நாளை வரும் மருமகள்மாருக்கு வேண்டுமே, தன் உழைப்புக்கும் பங்கில்லையா என்று கஸ்தூரிபா அழுதார். கடைசியில் அவர்தான் விட்டுக்கொடுத்தார். தன் பொருளைத் துறப்பது ஒன்று, அடுத்தவர் கழுத்திலுள்ளதைக் கழற்றச் சொல்வது வேறு. இதை உம்மாவிடம் சொன்னபோது அவர் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

1921 செப்டெம்பரில் மதுரையில் மேலாடையையும் விட்டு அரைவேட்டிக்கு மாறினார். ஏழைகளுக்கு அதற்குமேல் துணியில்லை என்பதே காரணம். 1927 நவம்பரில் கதர் நிதிக்காக இலங்கை வந்தபோதும் அதே உடைதான். நமது மாவட்டத்தின் சிலாபத்துக்கும் வந்திருக்கிறார். 1948 ஜனவரி 30 இல் சுடப்பட்டு இறந்தபின் அவர் விட்டுச்சென்றவை மூக்குக்கண்ணாடி, கடிகாரம், செருப்பு, உண்ணும் கிண்ணம் போன்ற சில பொருள்களே.

அடுத்த சனிக்கிழமை புத்தளத்தில், மூன்று மடங்கு விலையுள்ள தோல் செருப்பைக் காட்டினேன். வாப்பா முகம் சுளித்தார். ஸ்மட்ஸின் கதையைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே காசை எண்ணிக் கொடுத்தார். எட்டு மாதமாகிறது. ஒருமுறை வார் தைத்தாயிற்று. பெருநாளைக்குப் புதிது வேண்டுமா என்று வாப்பா கேட்டார். வேண்டாம் என்றேன்.