கலப்பையைத் தூக்கிய எண்ணெய்!

டிராக்டர் மேதை ஹாரி பெர்குசன் வரலாறு

வயலில் டிராக்டர் ஓடுகிறது. பின்னால் கலப்பை மண்ணைப் புரட்டிக்கொண்டே வருகிறது.

வரப்பு வந்துவிட்டது. டிரைவர் கீழே இறங்கவில்லை. கலப்பையை யாரும் கையால் தூக்கவும் இல்லை. பக்கத்தில் இருக்கும் சிறிய கைப்பிடியை டிரைவர் லேசாக நகர்த்துகிறார். அவ்வளவுதான்! பல ஆட்கள் கூடித் தூக்க வேண்டிய இரும்புக் கலப்பை தானாக மேலே எழும்புகிறது. டிராக்டர் திரும்புகிறது. மறுபடியும் கைப்பிடியை நகர்த்தினால், கலப்பை மண்ணில் இறங்குகிறது.

சுறுசுறுப்பான வேலையாளை, "எள் என்றால் எண்ணெயாக நிற்பான்" என்று சொல்வது நம் வழக்கம். இங்கே எண்ணெயே வேலையாள்! டிராக்டருக்குள் இருக்கும் எண்ணெய்தான் கலப்பையைத் தூக்குகிறது.

எண்ணெய்க்கு இந்த வேலையைக் கற்றுக் கொடுத்தவர் யார்? அவர்தான் ஹாரி பெர்குசன். உழவு வேலை பிடிக்காமல் வீட்டை விட்டுப் போன ஓர் உழவர் மகன்!

உழவர் வீட்டுப் பிள்ளை

அயர்லாந்தின் வடபகுதியில் டவுன் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அங்கே டிரோமோர் என்ற ஊருக்கு அருகில் உள்ள குரோவெல் கிராமத்தில், 1884-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி பெர்குசன் பிறந்தார். அவருடைய பெற்றோருக்கு 11 குழந்தைகள். அவர்களில் இவர் நான்காவது பிள்ளை.

தந்தை கண்டிப்பானவர். சிறு வயதிலேயே பெர்குசன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வயலில் இறங்க வேண்டியதாயிற்று. குளிரிலும் மழையிலும் வேலை. குதிரையின் பின்னால் நாள் முழுவதும் நடை. அவருக்கோ மெலிந்த உடம்பு. அந்த வேலை அவருக்கு ஒத்து வரவில்லை.

அண்ணன் ஜோ, பெல்பாஸ்ட் நகரில் சைக்கிள், மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். 1902-ம் ஆண்டில் பெர்குசன் அங்கே போய்ச் சேர்ந்தார். கலப்பையைப் பிடித்த கை இப்போது எந்திரத்தைப் பிடித்தது. சத்தத்தைக் கேட்டே எந்திரத்தின் கோளாறைக் கண்டுபிடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டார்.

வானில் பறந்தார்!

அந்தக் காலத்தில் விமானம் என்பது உலகத்துக்கே புதுமை. ரைட் சகோதரர்கள் பறந்து சில ஆண்டுகளே ஆகி இருந்தன. பெர்குசனுக்கும் ஆசை வந்தது. அண்ணனின் பட்டறையிலேயே விமானம் கட்டினார்.

1909-ம் ஆண்டின் கடைசி நாள். டிசம்பர் 31-ந் தேதி. ஹில்ஸ்பரோ என்ற இடத்தில், பலத்த காற்றுக்கு நடுவே அந்த விமானம் தரையை விட்டு எழும்பியது. சுமார் 120 மீட்டர் தூரம் பறந்து இறங்கியது. அயர்லாந்தில் முதன் முதலில் விமானத்தில் பறந்தவர் என்ற பெருமை, அன்று 25 வயது இளைஞரான பெர்குசனுக்குக் கிடைத்தது.

1911-ம் ஆண்டில் சொந்தமாக மோட்டார் வியாபாரம் தொடங்கினார். 1913-ம் ஆண்டில் மவுரீன் என்ற பெண்ணை மணந்தார். வானத்தில் பறந்தவரை மீண்டும் மண்ணுக்கு இழுத்து வந்தது முதல் உலகப் போர்.

பின்பக்கமாகக் கவிழ்ந்த எமன்

போரினால் உணவுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அதிக நிலத்தை உழ வேண்டும் என்று அரசாங்கம் துடித்தது. அயர்லாந்தில் இருந்த டிராக்டர்கள் சரியாக வேலை செய்யும்படி பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, 1917-ம் ஆண்டில் பெர்குசனிடம் ஒப்படைக்கப்பட்டது. தன்னிடம் வேலை பார்த்த வில்லியம் சாண்ட்ஸ் என்ற கெட்டிக்கார மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்.

போன இடமெல்லாம் ஒரே குறையைக் கண்டார். டிராக்டர் ஒரு பக்கம், கலப்பை ஒரு பக்கம். இரண்டையும் சங்கிலி போலப் பிணைத்து இழுத்தார்கள். குதிரை இழுத்த இடத்தில் டிராக்டர் இழுத்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் பெரிய ஆபத்து இருந்தது. மண்ணுக்குள் புதைந்திருக்கும் பாறையில் கலப்பை மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? கலப்பை நகராது. பின் சக்கரமும் நகராது. ஆனால் எந்திரம் சும்மா இருக்குமா? டிராக்டரின் முன்பக்கத்தை அப்படியே மேலே தூக்கும். கண் இமைக்கும் நேரத்தில் டிராக்டர் பின்பக்கமாகக் கவிழ்ந்து டிரைவரின் மேல் விழும். சோறு போட வந்த எந்திரமே எமனாக மாறிவிடும். இப்படி உயிர் இழந்தவர்கள் பலர்.

டிராக்டரின் எடையைக் கூட்டினால் கவிழாது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். எடை கூடினால் விலை கூடும். வயலின் மண்ணும் இறுகிப் போகும். பெர்குசனின் எண்ணம் வேறாக இருந்தது. டிராக்டரும் கலப்பையும் தனித் தனியாக இருப்பதுதான் தவறு. இரண்டும் ஓர் உடம்பு போல ஆகவேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

மூன்று கைகள்

சொல்வது எளிது. செய்து முடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. பெர்குசன் யோசனை சொல்வார். சாண்ட்சும் மற்றத் தோழர்களும் அதை இரும்பில் செய்து பார்ப்பார்கள். சரியாக வராவிட்டால் உடைத்துப் போட்டு மறுபடியும் செய்வார்கள்.

கடைசியில், டிராக்டரின் பின்னால் மூன்று கைகளை வைத்தார்கள். கீழே இரண்டு, மேலே ஒன்று. கீழ்க் கைகள் கலப்பையை இழுக்கும். அவற்றைத் தூக்குவதற்கு எண்ணெய் அழுத்தம். இதைத்தான் ஹைட்ராலிக் முறை என்கிறார்கள்.

இந்த முறை எப்படி வேலை செய்கிறது? சைக்கிளுக்குக் காற்று அடிக்கும் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றை அமுக்கினால் சுருங்கும். எண்ணெய் அப்படிச் சுருங்காது. ஒரு பக்கம் அழுத்தினால், அந்த அழுத்தம் அப்படியே மறு பக்கம் போய்ச் சேரும். டிராக்டரின் எந்திரம் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. பம்பு எண்ணெயை ஒரு சிலிண்டருக்குள் தள்ளுகிறது. உள்ளே இருக்கும் பிஸ்டன் நகர்ந்து கைகளைத் தூக்குகிறது.

மேல் கையில்தான் பெர்குசனின் மூளை இருந்தது! கலப்பை உழும்போது மேல் கை டிராக்டரை முன்பக்கமாகத் தள்ளும். மண் இறுகி இருந்தால் தள்ளும் வேகம் கூடும். உடனே வால்வு திறந்து எண்ணெய் பாயும். கலப்பை சிறிது மேலே வரும். மண் இளகி இருந்தால் கலப்பை கீழே இறங்கும். பாறையில் மோதினாலோ, மேல் கை தள்ளுகிற வேகத்தில் டிராக்டரின் முன்பக்கம் எழும்பாது. பின் சக்கரம் பிடி இழந்து சும்மா சுழலும். டிரைவர் தப்பிவிடுவார்!

கலப்பையின் பாரமே பின் சக்கரத்தைத் தரையில் அழுத்தியது. அதனால் சிறிய, எடை குறைந்த டிராக்டரே பெரிய டிராக்டரின் வேலையைச் செய்தது. 1925-ம் ஆண்டில் பெர்குசன் இதற்குக் காப்புரிமை கேட்டு மனுச் செய்தார். 1933-ம் ஆண்டில் மாதிரி டிராக்டர் உருவாயிற்று. கறுப்பு வர்ணம் பூசிய அந்த டிராக்டர் லண்டன் அறிவியல் காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தது.

1936-ம் ஆண்டில் டேவிட் பிரவுன் என்ற தொழில் அதிபருடன் கூட்டுச் சேர்ந்து டிராக்டர்களை விற்பனைக்குக் கொண்டு வந்தார். ஆனால் விலை அதிகம். சுமார் 1,350 டிராக்டர்களே உருவாயின. கூட்டாளிகளுக்குள் மனக்கசப்பு ஏற்பட்டது.

கை குலுக்கினார்கள்

1938-ம் ஆண்டு அக்டோபர் மாதம். பெர்குசன் தன் டிராக்டரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு அமெரிக்காவுக்குப் போனார். மோட்டார் மன்னர் ஹென்றி போர்டின் பண்ணையில் அதை ஓட்டிக் காட்டினார்.

போர்டும் உழவர் மகன்தான். சிறு வயதில் அவருக்கும் பண்ணை வேலை பிடிக்கவில்லை. எனவே பெர்குசனின் டிராக்டர் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. காப்புரிமையை விலைக்குக் கேட்டார். பெர்குசன் விற்க மறுத்துவிட்டார். போர்டு டிராக்டரைத் தயாரிப்பது, பெர்குசன் அதை விற்பது என்று பேசி முடித்தார்கள்.

இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். பத்திரம் இல்லை. கையெழுத்து இல்லை. சாட்சிக்கு வக்கீலும் இல்லை!

1939-ம் ஆண்டில் டிராக்டர் வெளிவந்தது. 3 லட்சத்துக்கும் அதிகமான டிராக்டர்கள் விற்பனை ஆயின. போர்டின் வாக்கு தவறவில்லை.

ஆனால் போர்டு மூப்படைந்தார். நிர்வாகம் பேரன் கைக்குப் போயிற்று. கை குலுக்கியது தாத்தாதானே? பேரன் அந்த ஏற்பாட்டை 1947-ம் ஆண்டில் முடித்துக்கொண்டார். அந்த ஆண்டு ஏப்ரலில் போர்டு காலமானார். சில மாதங்களில், பெர்குசனின் முறையையே கொண்ட புதிய டிராக்டர் போர்டு நிறுவனத்தின் பெயரில் சந்தைக்கு வந்தது.

பெர்குசன் கலங்கவில்லை. 25 கோடி டாலருக்கும் அதிகமாக நஷ்ட ஈடு கேட்டு வழக்குத் தொடுத்தார். எதிரி உலகத்தின் பெரிய நிறுவனங்களில் ஒன்று. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1952-ம் ஆண்டில் சமரசம் ஏற்பட்டது. பெர்குசனுக்குச் சுமார் 92 லட்சம் டாலர் கிடைத்தது. அவர் கேட்டதோடு ஒப்பிட்டால் சிறிய தொகைதான். ஆனால், எளிய மனிதன் கண்டுபிடித்ததைப் பெரிய நிறுவனம் விலை கொடுக்காமல் எடுத்துக்கொள்ள முடியாது என்பது நிலைநாட்டப்பட்டது.

சாம்பல் நிறச் செல்லப்பிள்ளை

வழக்கு ஒரு பக்கம் நடக்க, வேலையும் நடந்தது. இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் 1946-ம் ஆண்டில் புதிய டிராக்டர் தயாராகத் தொடங்கியது. அதன் பெயர் டி.இ.20. சாம்பல் நிறம். 1956-ம் ஆண்டு வரை 5 லட்சத்துக்கும் அதிகமாகத் தயாராயிற்று. உழவர்கள் அதற்குச் செல்லப் பெயர் வைத்து அழைத்தார்கள். 1958-ம் ஆண்டு ஜனவரியில், எவரெஸ்ட் வீரர் ஹிலாரி தென் துருவத்தை அடைந்தது இந்த டிராக்டர்களில்தான்!

டி.இ.20 உழுவதோடு நிற்கவில்லை. டிராக்டருக்குள் இருந்த எண்ணெயை ஒரு குழாய் வழியாக வெளியே எடுத்து, பின்னால் இருக்கும் டிரெய்லருக்குக் கொடுத்தார்கள். டிரெய்லரின் முன்பக்கம் எழும்பி, உள்ளே இருந்த உரமும் மண்ணும் தானாகச் சரிந்தன. வாரிக் கொட்டும் வேலை மிச்சமாயிற்று.

இன்றைக்குச் சிறிய டிராக்டர்களின் பின்பக்கம் கூடுதல் வால்வும் குழாய் மாட்டும் இணைப்புகளும் பொருத்திக்கொள்கிறார்களே, அதுவும் இந்த வழியில் வந்ததுதான். பாரத்தைத் தூக்க மட்டும் தள்ளினால் போதும் என்ற டிரெய்லருக்கு ஒரு குழாய் போதும். இறக்கும்போது அதன் பாரமே எண்ணெயைத் திருப்பி அனுப்பிவிடும். இரண்டு பக்கமும் புரளும் கலப்பைக்கு இரண்டு குழாய் வேண்டும். ஒன்றில் எண்ணெய் போகும். மற்றொன்றில் திரும்பி வரும்.

இதில் கவனம் தேவை. குழாயைக் கழற்றும் முன் கருவியைத் தரையில் இறக்கி, எந்திரத்தை நிறுத்தி, கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்து அழுத்தத்தைப் போக்கிவிட வேண்டும். இணைக்கும் இடத்தில் தூசி இருந்தால் துடைக்க வேண்டும். எண்ணெய் கசிகிறதா என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித் துளை வழியாகப் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். அப்படி நேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தூக்கிய டிரெய்லருக்கு முட்டுக் கொடுக்காமல் அடியில் போகவும் கூடாது. டிரைவரின் உயிரைக் காக்கப் பிறந்த முறை இது. அதைக் கொண்டே உயிரை விடலாமா?

பூவா, தலையா?

பெர்குசன் எதிலும் ஒழுங்கு பார்ப்பவர். அவருடைய டிராக்டருக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்பானர் போதும். கருவிகளைப் பொருத்த அதுவே; அளவு பார்க்கவும் அதுவே. உழவன் வயல் நடுவில் கருவி தேடி அலையக்கூடாது அல்லவா?

1953-ம் ஆண்டில் தன் நிறுவனத்தைக் கனடாவின் மாசி-ஹாரிஸ் நிறுவனத்துடன் இணைத்தார். விலையில் 10 லட்சம் டாலர் பற்றிச் சிக்கல் வந்தது. காசைச் சுண்டிப் போட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தார்கள். பூவா, தலையா? பெர்குசன் தோற்றார். 10 லட்சம் டாலர் போயிற்று! அவர் அதற்காக வருந்தி முரண்டு பிடிக்கவில்லை. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டார்.

1960-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி, 76-வது பிறந்த நாளுக்கு 10 நாட்கள் இருக்கும்போது, இங்கிலாந்தில் தன் வீட்டில் பெர்குசன் காலமானார்.

அதே 1960-ம் ஆண்டில் சென்னையில் டாபே நிறுவனம் உருவாயிற்று. மாசி பெர்குசன் டிராக்டர்களை நம் நாட்டில் தயாரித்தது. அயர்லாந்துக் கிராமத்தில் பிறந்தவரின் பெயர், இப்படித் தமிழ்நாட்டு வயல்களுக்கும் வந்து சேர்ந்தது.

காப்புரிமைகளின் காலம் முடிந்த பின், அந்த மூன்று கைகள் உலகத்துக்கே பொதுச் சொத்தாகிவிட்டன. எந்த நிறுவனத்தின் டிராக்டராக இருந்தாலும் சரி, பின்பக்கம் போய்ப் பாருங்கள். கீழே இரண்டு, மேலே ஒன்று. அவை அங்கே இருக்கும். உழவின் கஷ்டத்துக்கு அஞ்சி ஊரை விட்டுப் போன ஒரு பையன், உலகத்து உழவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டுப் போன கைகள் அவை!