நந்தனார் அடிச்சுவட்டில் சகஜானந்தர்

வீராணத்தேரி நீர் பாயும் காட்டுமன்னார்கோயிலை அடுத்த ஆதனூரைத் திருநாளைப்போவார் அவதரித்த தலமாக இப்பகுதியார் போற்றுவர். அந்நாயனார் பேரிகைக்குத் தோலும், யாழுக்கு நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் ஆலயங்கட்கு உதவித் தாம் புறத்தே நின்று தொழுதார். திருப்புன்கூரில் நந்தி விலகிற்று. தில்லையிலோ எரியிற் புகுந்து எழுந்த பின்னரே அம்பலத்தை அணுகினார். இவ்வரலாற்றைக் கேட்டுக் கண்ணீர் சொரிந்தோர் பலர். கேட்டபின் செய்யக்கடவது யாதென ஆராய்ந்து, அதற்கே வாழ்நாளை ஈந்தவர் சுவாமி சகஜானந்தர்.

இவர் 1890-ஆம் ஆண்டில் ஆரணியைச் சார்ந்த மேல்புதுப்பாக்கத்தில் ஆதிதிராவிடர் குடியிற் பிறந்தார். பிள்ளைப் பெயர் முனுசாமி. திண்டிவனத்துக் கிறித்தவ மிஷன் பள்ளியிற் பயிலுங்கால், சமயம் மாற இசையாமையாற் கல்வி தடைப்பட்டது. பின்னர்ப் பெற்றோருடன் கோலார் தங்கவயலை அடைந்தார். பிழைப்புக்குரிய அவ்விடத்தும் உள்ளம் குருவையே நாடிற்று. சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளை அடுத்துத் தமிழும் சாத்திரமும் கற்றுச் சகஜானந்தர் என்னும் துறவுப் பெயர் பெற்றார்.

1910-இல் இவர் சிதம்பரத்தை அடைந்தார். நந்தனார் எரிபுகுந்த இடம் என்று வழங்கும் ஓமக்குளத்தின்கண் தங்கித் தொண்டு தொடங்கினார். 1916-இல் நந்தனார் கல்விக் கழகம் தோன்றிற்று. அதன் வழியே பள்ளியும், மாணவர் உண்டுறையும் விடுதியும் வளர்ந்தன. எழுத்தறியாது வயலில் உழன்றோர் மக்கள் ஏடெடுத்து ஓதலாயினர். அவர் பெயர் தாங்கிய பள்ளி இன்று அரசுப் பள்ளியாய் நின்று பயன்படுகின்றது.

துறவிக்குச் சட்டசபை எற்றுக்கு என வினவலாம். தம் மக்கட்குக் கல்வியும் நிலமும் வழிபாட்டுரிமையும் வேண்டிப் பேசுதற்கு அவ்விடமே வாயிலாயிருந்தமையின், 1926 முதற் பல்லாண்டு அவர் சென்னைச் சட்டசபையில் உறுப்பினராய் விளங்கினார். 1947-இல் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறிற்று. அவ்வாண்டிலே தம் மக்களுடன் தில்லைத் திருக்கோயிலுட் புகுந்து கூத்தப்பெருமானை வணங்கினார். நாயனாரிடம் வேண்டப்பட்ட எரி இவர்களிடம் வேண்டப்படவில்லை. 1959-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் இறைவனடி சேர்ந்தார்.

கரபாத்திர சுவாமிகள் வேதாந்த நெறியினர். ஆதலின் சகஜானந்தரைச் சித்தாந்திகளாகிய நாம் கொண்டாடுதல் பொருந்துமோ என்று ஐயுறுவார் உளர். அவர்க்கு விடை சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில் உள்ளது. மலம் நீங்கிய அன்பருடன் கூடி, அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுக என்பது அதன் கருத்து. வேடமும் அரன், ஆலயமும் அரன் எனின், திருநீறணிந்து வந்தானை வாயிலில் மறுத்தல் அரனை அரனிடம் அணுகவொட்டாது தடுத்தலேயாம். இப்பிழையை நூலாற் சாடியவர் சிலர்; பள்ளியாலும் மன்றத்தாலும் வழிபாட்டாலும் நீக்க முயன்றவர் சகஜானந்தர்.

அவர் தேடிய ஒருமை, ஒருவர் தம்மை மறைத்துப் பிறரோடு கலத்தலன்று. தம் நாயனாரை மறவாதவராய், தலைநிமிர்ந்து பலருடன் ஒரு சந்நிதியில் நிற்றலாம். திருநாளைப்போவார் குருபூசையை ஆண்டுதோறும் செய்யும் மடங்கள், அந்நாளில் ஆதனூர்ச் சிறாருக்கு ஏடும் அன்னமும் அளித்து, அவரைத் தம்முடன் ஒரே பந்தியில் இருத்துமாயின் அப்பூசை நிறைவுறும்.

திருச்சிற்றம்பலம்.