மொக்குப் புழுவும் டீ எஸ்டேட் துரையும்

தாமிரபரணிக் கரையில எங்க ஆச்சிக்குக் கொஞ்சம் மல்லித் தோட்டம் உண்டு. விடியக்காலம் மொக்கு பறிக்கும்போது, ஊதா நிறமா மாறி ஓட்டை விழுந்ததை வரப்புல வீசிடுவாங்க. உள்ள ஒரு பச்சைப் புழு இருக்கும். அப்படி வீசினதுல நாலஞ்சை, கொஞ்சம் மண் போட்ட பாட்டிலுக்குள்ள வச்சு, துணியால வாய் கட்டினேன். சில நாள் கழிச்சு உள்ள ஒரு குட்டி வெள்ளை அந்துப்பூச்சி, றெக்கையில கருப்பு நெளிகோடு. ராத்திரி பல்பைச் சுத்துற அதே பூச்சி! ரெண்டையும் ஆயுசு பூரா பாத்த ஆச்சிக்கு, ரெண்டும் ஒண்ணுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

பேரைத் தேடினா, ஹெண்டெகேசிஸ் டூப்ளிஃபாசியாலிஸ், ஹாம்ப்சன், 1891. கடைசியில வர்றது பேர் வச்சவரும் வருஷமும்.

ஜார்ஜ் பிரான்சிஸ் ஹாம்ப்சன் 1860-ல் பிறந்த ஆங்கிலேயர். ஆக்ஸ்போர்டில் படித்துவிட்டு, தேயிலை பயிரிட நம்ம நீலகிரிக்கு வந்தார். வந்த இடத்தில் பூச்சிப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஊர் திரும்பியதும் பிரிட்டிஷ் மியூசியத்தில் முதலில் தன்னார்வலராகத்தான் சேர்ந்தார். நீலகிரி அந்துப்பூச்சிகளைப் பற்றிய அவருடைய புத்தகம் வந்தது 1891-ல். அடுத்து 1892 முதல் 1896 வரை இந்தியா, இலங்கை, பர்மா அந்துப்பூச்சிகளுக்கு 4 தொகுதிகள். 1895-ல் மியூசியத்தில் வேலை கிடைத்தது. மறு வருஷம் குடும்பப் பட்டமும் வந்து 'சர்' ஆனார். அதோடு உட்கார்ந்து சாப்பிட்டாரா? இல்லை. 1898-ல் தொடங்கி 1920 வரை, உலக அந்துப்பூச்சிகளைப் பட்டியல் போட்டு 15 தொகுதிகள்! (நாம ஒரு ரெக்கார்டு நோட்டு முடிக்கவே செமஸ்டர் பத்தல.) 1936-ல் காலமானார்.

ஆனா ஒண்ணு. அவர் மேஜைக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் ஊசி குத்திக் காய்ந்த பூச்சிகள். றெக்கை நரம்பையும் பட்டையையும் பார்த்துப் பேர் வைத்தார். டூப்ளிஃபாசியாலிஸ் என்றாலே இரட்டைப் பட்டை என்றுதான் அர்த்தம். அந்தப் பேரில் மல்லியும் இல்லை, புழுவும் இல்லை. இந்தியத் தொகுதிகளில் சில பூச்சிகளுக்குப் புழுவின் விவரமும் உண்டு, பலவற்றுக்கு இல்லை. அது யாராவது வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். குறையாச் சொல்லல. அவர் வச்ச பேர் இல்லன்னா நான் எதைத் தேடியிருப்பேன்? ஆனா ஆச்சிக்கு நஷ்டம் வர்றது றெக்கையால இல்ல, புழுவால.

இப்ப ஊதா மொக்கை வரப்புல வீசுறதில்ல. ஒரு கவர்ல போட்டு இறுக்கிக் கட்டி, குழியில போட்டு மூடிடுறாங்க.