ஒற்றைத் தசையைத் தேடியவர்

ஒரு பென்சிலைக் கைக்குள் இறுக்கிப் பிடியுங்கள். பிடியை விடாமல் மணிக்கட்டை உள்பக்கமாக முழுவதும் மடக்குங்கள். பிடி தளர்ந்துவிடும். விரல்களை மடக்கும் தசைகளில் ஒரு குறையும் இல்லை. பிறகு ஏன்? இந்தக் கேள்வியை நோயாளிகளின் கைகளில் ஆராய்ந்தவர் கியோம் டூஷேன்.

பிரான்சின் வடக்குக் கடலோர நகரமான பூலோனில் 1806இல் கடலோடிக் குடும்பத்தில் பிறந்தார். மகனும் கடலுக்குப் போகவேண்டும் என்பது தந்தையின் ஆசை. அவரோ பாரிசில் மருத்துவம் படித்து ஊர் திரும்பினார். பிள்ளைப்பேற்றை அடுத்து மனைவி இறந்தார். குழந்தையை மனைவியின் வீட்டார் எடுத்து வளர்த்தனர். 1842இல் டூஷேன் மீண்டும் பாரிசுக்குப் புறப்பட்டார்.

அங்கே அவருக்குப் பதவி எதுவும் இல்லை. ஒரு மின்கருவியைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனை மருத்துவமனையாகச் சுற்றினார். நோயாளி வேறிடத்துக்கு மாற்றப்பட்டால் அவரும் பின்னாலேயே போவார். தொடக்கத்தில் பலர் கேலி செய்தனர்.

அதற்கு முன் தசைக்குள் ஊசி செருகித்தான் மின்சாரம் பாய்ச்சினார்கள். டூஷேன் ஈரமான மின்முனைகளைத் தோலின் மேல் வைத்தார். விரும்பிய ஒரு தசையை மட்டும் சுருங்கச் செய்ய அவரால் முடிந்தது. இப்படி ஒவ்வொரு தசையாகத் தனித்துச் சோதித்தவர்தான், இயல்பான அசைவில் எந்தத் தசையும் தனியாக உழைப்பதில்லை என்ற முடிவுக்கு வந்தார். வேடிக்கைதான்!

கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது முக்கியமாகத் தூக்குவது தோளிலுள்ள டெல்டாய்டு தசை. ஆனால் தோள்பட்டை எலும்பை விலாவோடு அணைத்துச் சுழற்ற இன்னொரு தசையும் வேண்டும். அது செயலிழந்தவர்கள் கையைத் தூக்கினால், அந்த எலும்பு முதுகில் இறக்கைபோல் புடைத்து நிற்கும். கையும் முழு உயரத்துக்கு எழாது.

மணிக்கட்டின் கதையும் இதேதான். ஈய நஞ்சால் மணிக்கட்டு தொங்கிப்போனவர்களின் பிடி வலுவிழந்திருந்தது. மணிக்கட்டைத் தாங்கி நிமிர்த்தியதும் பிடியில் வலு திரும்பியது. விரல்கள் மடங்கும்போது, முன்கையின் பின்புறத் தசைகள் மணிக்கட்டை நிமிர்த்திப் பிடிக்கின்றன. அவை பிடிக்காவிட்டால் மணிக்கட்டும் சேர்ந்து மடங்கிவிடும். விரல் தசைகள் மேலும் சுருங்கி இழுக்க இடமிருக்காது.

முகத்தையும் அவர் விடவில்லை. உண்மையான சிரிப்பில் வாயோரத் தசையோடு கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சேர்வதை 1862இல் புகைப்படங்களுடன் வெளியிட்டார். டார்வின் தமது நூலில் அப்படங்கள் சிலவற்றைப் பயன்படுத்தினார். சிறுவர்களின் தசைகளைச் சிதைக்கும் நோய் ஒன்று இன்றும் டூஷேன் பெயரால் அறியப்படுகிறது.

மகன் பின்னாளில் மருத்துவராகி அவரிடம் வந்து சேர்ந்தார். ஆனால் தந்தைக்கு முன்பே இறந்துபோனார். டூஷேன் 1875இல் காலமானார். உடல் அசைவுகளைப் பற்றி 1867இல் அவர் எழுதிய பெரிய நூலை, 82 ஆண்டுகள் கழித்து, இமானுவல் கப்லான் என்ற கை அறுவை மருத்துவர் ஆங்கிலத்தில் பெயர்த்தார்.