நாறிய லண்டன்... சாக்கடை கட்டிக் காப்பாற்றிய ஜோசப் பேசல்ஜெட் யார்? மழையில் வந்த சிக்கல் என்ன?

1858 கோடை. லண்டன் மாநகரின் மொத்தக் கழிவும் கலந்து, தேம்ஸ் நதி நாறிப்போய்க் கிடந்தது. நாடாளுமன்றத் திரைச்சீலைகளைக்கூட குளோரைடு சுண்ணாம்பில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். வருஷக்கணக்காக இழுத்தடித்த சாக்கடைத் திட்டத்துக்கு, நாற்றம் எம்.பி.க்களின் மூக்கில் ஏறிய பிறகுதான் வழி பிறந்தது!

திட்டம் போட்டவர், 1819-ல் பிறந்த இன்ஜினீயர் ஜோசப் பேசல்ஜெட். நதியை நோக்கி ஓடிய பழைய சாக்கடைகளைக் குறுக்கே மறித்து, கழிவை ஊருக்குக் கிழக்கே கொண்டுபோக 132 கி.மீ. நீளத்துக்கு செங்கல் சுரங்கங்கள் கட்டினார். 1866-ல் காலரா திரும்பி வந்தபோது அதிகம் அடிவாங்கியது, இந்த வேலை முடியாமல் இருந்த கிழக்கு லண்டன்தான்.

சிக்கல் மழையில் இருந்தது. வீட்டுக் கூரை, கடை வாசல், ரோடு என எல்லா மழைத் தண்ணியும் கழிவோடு ஒரே சாக்கடையில்தான் போகணும். ஒரு நாளைக்கு கால் அங்குலம், அதாவது சுமார் 6 மி.மீ. மழைக்குக் கணக்குப் போட்டார் பேசல்ஜெட். அதுக்கு மேல பெய்தால் வீட்டுக்குள் ஏறாமல் இருக்க, கழிவோடு சேர்த்து தேம்ஸில் வழியவிடத் திறப்புகள் வைத்தார். அன்றைக்கு அது நியாயமான முடிவுதான். ஆனால் ஜனத்தொகையும் கான்கிரீட்டும் பெருகப் பெருக, கொஞ்சம் மழைக்கே வழிய ஆரம்பித்தது.

1875-ல் சர் பட்டம் பெற்ற பேசல்ஜெட், 1891-ல் காலமானார். அந்தத் திறப்புகளில் வழிவதைப் பிடிக்க லண்டன் தோண்டிய 25 கி.மீ. சுரங்கம், 2025-ல்தான் முழுசாக இணைக்கப்பட்டது. இப்போது அங்கே புதுசாகக் கட்டடம் கட்டுபவர்கள், மழைநீரை முடிந்தவரை தங்கள் இடத்திலேயே தேக்கவோ மண்ணில் இறக்கவோ திட்டம் காட்ட வேண்டும்.